பேரேடு தெரியும், ஃபோல்டர் தெரியாது!

"கம்பெனியோட கணக்குப் புத்தகம் எங்கப்பா இருக்கு?" என்று ஒரு பி.காம் மாணவரைக் கேட்டுப் பாருங்கள். "டேலியில இருக்கு சார்" என்று சட்டென்று பதில் வரும். டேலி எங்கே இருக்கிறது என்று அடுத்த கேள்வியைப் போட்டால் "டெஸ்க்டாப்புல" என்பார். அதோடு சரக்கு தீர்ந்தது.

டெஸ்க்டாப்பில் இருப்பது வெறும் ஷார்ட்கட், வாசலில் மாட்டிய பெயர்ப்பலகை மாதிரி. மென்பொருள் இருப்பது வேறு இடத்தில். கணக்கு இருப்பது இன்னொரு இடத்தில்: டேட்டா என்ற ஃபோல்டருக்குள், ஒவ்வொரு நிறுவனத்துக்கும் வெறும் எண்ணையே பெயராகக் கொண்ட ஒரு ஃபோல்டர். அந்த எண் ஃபோல்டர்தான் கணக்குப் புத்தகம். டேலி என்பது அதில் எழுதுகிற பேனா. பேனாவைக் காட்டி "இதுதான் சார் பேரேடு" என்று சொன்னால் எந்த ஆடிட்டராவது ஒப்புக்கொள்வாரா? ஆனால் மூன்று வருடம் படித்து, டேலி சான்றிதழும் வாங்கி வெளியே வருகிற பலர் சொல்வது இதைத்தான்.

இது மாணவர் குற்றமா? இல்லை. வணிகவியல் வகுப்புகளில் கம்ப்யூட்டர் என்ற பெயரில் நடப்பது இரண்டே விஷயம். ஒன்று, எந்தப் பொத்தானை அழுத்தினால் எந்த வவுச்சர் வரும் என்ற பாடம். இரண்டு, ரேமுக்கும் ரோமுக்கும் உள்ள வேறுபாடு என்ன, ஐந்து மதிப்பெண். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பெரிய பள்ளம். எழுதியது எங்கே போய் உட்காருகிறது, எப்படித் திரும்பி வருகிறது, எப்போது காணாமல் போகும் என்பது அந்தப் பள்ளத்தில் கிடக்கிறது. லேபில் போய்ப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றால், சுவரில் "பென்டிரைவ் கொண்டுவரக் கூடாது", "சி டிரைவைத் தொடாதே" என்று இரண்டு போர்டு. நீச்சல் குளத்தில் "தண்ணீரில் இறங்காதே" என்று எழுதி வைத்த கதைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

"கணக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஃபைல் சிஸ்டம் எதற்கு? அது கம்ப்யூட்டர் சயின்ஸ்காரன் வேலை" என்று சொல்பவர்கள், கம்பெனிச் சட்டத்தையே ஒருமுறை புரட்டிப் பார்க்கட்டும். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 128-ஆம் பிரிவு, கணக்கேடுகளைக் குறைந்தது 8 நிதியாண்டுகளுக்குப் பாதுகாக்க வேண்டும் என்கிறது. 2014-ஆம் ஆண்டு கணக்கு விதிகள், மின்னணு வடிவில் உள்ள கணக்கேடுகளின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் வைக்கப்பட வேண்டும் என்கின்றன. முதலில் குறிப்பிட்ட கால இடைவெளியில் எடுத்தால் போதும் என்றிருந்ததை 2022 ஆகஸ்ட் திருத்தம் தினசரி என்று ஆக்கிவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளில் யார் எந்தப் பதிவை எப்போது மாற்றினார் என்ற தடம் தானாகப் பதிவாக வேண்டும், அதை அணைத்து வைக்க முடியக் கூடாது. அந்தத் தடம் வருடம் முழுக்க ஓடியதா என்று தணிக்கையாளர் தன் அறிக்கையில் சொல்ல வேண்டும்.

சர்வர், பேக்கப், தினசரி, 8 ஆண்டு... இவையெல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ் பாடப்புத்தகத்துச் சொற்கள் இல்லை. கம்பெனிச் சட்டத்துச் சொற்கள். அவற்றுக்குக் கீழே கையெழுத்துப் போடப் போவது பி.இ முடித்தவர் அல்ல, வணிகவியல் முடித்தவர். எதன் மேல் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் போடுவதற்குப் பெயர் தொழிலா?

இன்னொன்று. எட்டு வருடம் ஒரு காகிதப் பேரேட்டை வைத்திருக்க ஒரு பீரோவும் கொஞ்சம் பூச்சி மருந்தும் போதும். எட்டு வருடம் ஒரு கோப்பைத் திறக்கும் நிலையில் வைத்திருப்பது அப்படியல்ல. வட்டு பழுதாகும், மென்பொருளின் பதிப்பு மாறும், பாஸ்வேர்டு தெரிந்த ஒரே ஆள் வேலையை விட்டுப் போய்விடுவார். "இருக்கு சார், ஆனா திறக்க மாட்டேங்குது" என்பது சட்டத்தின் முன் செல்லுபடியாகாத பதில்.

வணிகவியல்காரருக்குத்தான் இது எளிது

இந்தப் பாடத்தை உலகத்திலேயே சுலபமாகப் புரிந்துகொள்ளக் கூடியவர் வணிகவியல் மாணவர்தான் என்பதுதான் இதில் வேடிக்கை. ஃபைல் சிஸ்டம் என்பது அடிப்படையில் கணக்குப்பதிவியல். கிடங்குக் கணக்கு தெரிந்தவருக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரியும்.

ஹார்ட் டிஸ்க்கோ பென்டிரைவோ, அதை ஒரு பெரிய கிடங்கு என்று வைத்துக்கொள்ளலாம். உள்ளே ஒரே அளவான தட்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு எண். "கோப்பு", "ஃபோல்டர்" என்றெல்லாம் கிடங்குக்கு எதுவும் தெரியாது, தட்டு எண் மட்டும்தான் தெரியும். எந்தத் தட்டில் யாருடைய சரக்கு, எந்தத் தட்டு காலி என்று எழுதி வைக்கிற பதிவேடுதான் ஃபைல் சிஸ்டம். தட்டுக்குப் பெயர் கிளஸ்டர். பெரும்பாலும் 4,096 பைட், அதாவது 4 கேபி இருக்கும். பென்டிரைவ்களில் 32 கேபி தட்டும் சாதாரணம். ஒரு தட்டில் ஒருவர் சரக்குதான் வைக்கலாம். ஒரே ஒரு எழுத்து உள்ள கோப்பும் ஒரு முழுத் தட்டைப் பிடித்துக்கொள்ளும். "சைஸ்", "சைஸ் ஆன் டிஸ்க்" என்று இரண்டு எண்கள் வேறு வேறாகக் காட்டுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

இன்றும் பென்டிரைவிலும் கேமரா கார்டிலும் புழங்கும் ஃபேட் என்ற முறையை எடுத்துக்கொள்வோம். 1977-ல் மைக்ரோசாஃப்டில் பிறந்தது. இதில் இரண்டு ஏடுகள். முதல் ஏட்டில் கோப்பின் பெயர், அளவு, முதல் தட்டின் எண் ஆகியவை இருக்கும். இரண்டாவது ஏட்டில் "இந்தத் தட்டுக்கு அடுத்த தட்டு எது" என்பது மட்டும். பேரேட்டில் ஒரு கணக்கின் பக்கம் நிறைந்துவிட்டால் "தொடர்ச்சி பக்கம் 212" என்று எழுதுவோமே, அதேதான். இரண்டாவது ஏட்டுக்கு வழக்கமாக ஒரு நகலும் உண்டு, ஒன்று கெட்டால் இன்னொன்று என்று.

இதில் ஃபேட் 32 என்ற வகையில் கோப்பின் அளவை எழுத ஒதுக்கிய கட்டம் 32 பிட் அகலம். அதில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 4,29,49,67,295. அதனால்தான் பென்டிரைவில் 20 ஜிபி காலியாகக் கிடந்தாலும் 5 ஜிபி படம் ஏற மாட்டேன் என்கிறது. கிடங்கில் இடம் இருக்கிறது, ஏட்டின் கட்டத்தில் இலக்கத்துக்கு இடம் இல்லை. இதைத் தெரியாமல் "பென்டிரைவ் டூப்ளிகேட்" என்று கடைக்காரரிடம் சண்டை போட்டவர்கள் ஏராளம். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்தால் தீர்ந்தது. ஆனால் ஃபார்மட் என்றால் பழைய ஏட்டைக் கிழித்துப் புது ஏடு போடுவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருந்ததும் போய்விடும்.

அடுத்து, அழித்தல். டெலீட் என்றால் சரக்கைத் தூக்கி எறிவதில்லை. ஃபேட் முறையில் கோப்பின் பெயரில் முதல் பைட்டை மட்டும் மாற்றி "இது செல்லாது" என்று குறித்துவிட்டு, அந்தத் தட்டுகளைக் "காலி" என்று எழுதுகிறது. சரக்கு அங்கேயே கிடக்கிறது, வேறு சரக்கு வந்து அதன் மேல் உட்காரும் வரை. இதிலிருந்து இரண்டு பாடங்கள். தவறுதலாக அழித்துவிட்டால் அந்த வட்டில் அதற்கு மேல் எதையும் எழுதாமல் உடனே நிறுத்த வேண்டும், மீட்க வாய்ப்பு உண்டு. மாறாக, பழைய கம்ப்யூட்டரை விற்கும்போது எல்லாவற்றையும் டெலீட் செய்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. கட்சிக்காரரின் வங்கி அறிக்கையும் பான் எண்ணும் வாங்கினவர் கைக்குப் போய்ச் சேரும். எஸ்எஸ்டியில் கதை வேறு. அழித்த தட்டுகளின் பட்டியலை டிரிம் என்ற கட்டளை வட்டுக்கே சொல்லிவிடும், வட்டு தன் போக்கில் அவற்றைத் துடைத்துவிடும். அங்கே மீட்பு பெரும்பாலும் பகல் கனவு. பென்டிரைவிலிருந்து அழித்தால் விண்டோஸில் வழக்கமாக ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. இந்த நாலு வரி தெரியாமல் அழுதவர்கள் எத்தனை பேர்!

பென்டிரைவைப் பிடுங்குவதற்கு முன் "எஜெக்ட்" கொடு என்கிறார்களே, ஏன்? காசோலையை வங்கியில் போட்டதும் பணம் வந்துவிட்டதாக எந்த வணிகவியல் மாணவராவது சொல்வாரா? மாட்டார். கிளியரிங் ஆக வேண்டும். கோப்பை எழுதுவதும் அப்படித்தான். பல சமயம் தரவு முதலில் நினைவகத்தில் போய் உட்காரும், வட்டுக்குப் பிறகுதான் இறங்கும். திரையில் காப்பி முடிந்தது என்று வந்தது செலான் கிழித்துக் கொடுத்த மாதிரி. எஜெக்ட் என்பது "எல்லாக் காசோலையும் பாஸ் ஆனதா?" என்று கேட்டுவிட்டுக் கிளம்புவது.

எல்லாவற்றிலும் அழகான விஷயம் ஜர்னல். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் என்ன ஆகும்? ஒரு ஏட்டில் பதிவு மாறியிருக்கும், இன்னொன்றில் மாறியிருக்காது. பற்று எழுதி வரவு எழுதாமல் விட்ட கதை, இருப்பாய்வு ஒட்டாது. இதற்குக் கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்த மருந்தின் பெயரே ஜர்னலிங். செய்யப் போகும் மாற்றத்தை முதலில் ஒரு குறிப்பேட்டில் எழுதிவிட்டு, பிறகு உரிய ஏடுகளில் பதிவது. நடுவில் கரண்ட் போனால், திரும்பி வந்ததும் குறிப்பேட்டைப் பார்த்து அரைகுறையாக நிற்பதை முடிப்பது அல்லது ரத்து செய்வது. 1993-ல் விண்டோஸ் என்டியுடன் வந்த என்டிஎஃப்எஸ், 2001-ல் லினக்ஸில் சேர்ந்த எக்ஸ்ட் 3, எல்லாம் இந்த வழிதான். லூகா பாசியோலி 1494-ல் வெனிஸில் அச்சிட்ட புத்தகத்தில் வணிகர்களுக்குச் சொன்ன ஒழுங்குதான் இன்று வட்டுக்குள் ஓடுகிறது. குறிப்பேட்டிலிருந்து பேரேட்டுக்கு எடுத்து எழுதுவதைப் பதினோராம் வகுப்பிலிருந்து உருப்போடும் மாணவருக்கு "உன் பாடம்தான்பா இது" என்று சொல்ல ஒரு ஆள் இல்லை!

ஆனால் இதிலும் ஒரு சூட்சுமம். என்டிஎஃப்எஸ் குறிப்பேட்டில் எழுதுவது பெயர், அளவு, தட்டு எண் போன்ற பதிவேட்டு விவரங்களை மட்டுமே, கோப்பின் உள்ளடக்கத்தை அல்ல. கரண்ட் போய் வந்த பிறகு ஃபோல்டர்கள் ஒழுங்காக இருக்கும். கடைசியாக அடித்த வவுச்சர் இருக்கிறதா என்பதற்கு ஜர்னல் பொறுப்பில்லை. யூபிஎஸ் வாங்கச் சொல்லி முதலாளியிடம் வாதாட வேண்டுமென்றால் இந்த ஒரு வரி போதும்.

எதிர்வாதங்கள்

முதல் வாதம்: "வண்டி ஓட்டுறவனுக்கு இன்ஜின் எதுக்கு?" சரி, இன்ஜின் வேண்டாம். ஆனால் பெட்ரோல் இருக்கிறதா என்று பார்க்கவும், பிரேக் பிடிக்கிறதா என்று பார்க்கவும், பஞ்சர் என்றால் என்ன என்று அறியவும் தெரியாதவருக்கு யாரும் லைசென்ஸ் தருவதில்லை. இங்கே கேட்பது வட்டைப் பிரித்து மேயச் சொல்லி அல்ல. இடம் எவ்வளவு, எங்கே இருக்கிறது, போனால் வருமா என்ற மூன்று கேள்விக்கு விடை தெரிந்திருக்கச் சொல்லி.

அந்த "இடம் எவ்வளவு" என்பதிலேயே எத்தனை குழப்பம்! 1 டிபி வட்டு வாங்கினால் விண்டோஸ் 931 ஜிபி என்கிறது. திருட்டு ஒன்றும் இல்லை. தயாரிப்பாளர் 1-க்குப் பின் 12 சைபர் போட்டு எண்ணுகிறார். விண்டோஸ் அதை 1,07,37,41,824-ஆல் வகுத்துவிட்டு ஜிபி என்றே பெயர் போடுகிறது. கால்குலேட்டரில் தட்டினால் பத்து விநாடியில் தெளியும் விஷயம். இது தெரிந்தவர் நேர்மையான கடைக்காரரைத் திட்ட மாட்டார். மாறாக, சில நூறு ரூபாய்க்கு "2 டிபி பென்டிரைவ்" என்று இணையத்தில் விற்கிறார்களே, அதை நம்பவும் மாட்டார். உள்ளே சின்ன சிப்பை வைத்து, பெரிய அளவைக் காட்டும்படி பொய் சொல்ல வைத்திருப்பார்கள். நிஜ இடம் தீர்ந்த பிறகும் "எழுதிவிட்டேன்" என்றுதான் அது சொல்லும். திறந்து பார்க்கும் நாளில்தான் ஒன்றும் இல்லை என்று தெரியும். காட்டும் இருப்பை அப்படியே நம்பாமல், சரக்கை எண்ணிப் பார்த்துச் சரிபார் என்பதுதானே தணிக்கையின் அரிச்சுவடி?

இரண்டாவது வாதம்: "ஃபோல்டர் எல்லாம் பழைய காலம். சர்ச்சில் போட்டால் வரும்." 2021-ல் தி வெர்ஜ் என்ற அமெரிக்க இணைய இதழ் இதைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று கேட்டால் கேள்வியே புரியாத மாணவர்களைப் பார்த்து அங்கே பேராசிரியர்கள் திகைத்த கதை. எல்லாவற்றையும் ஒரே கூடையில் கொட்டிவிட்டுத் தேடி எடுத்துப் பழகிய தலைமுறை. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் "ஜிஎஸ்டி ஃபைனல்", "ஜிஎஸ்டி ஃபைனல் 2", "ஜிஎஸ்டி நியூ ஃபைனல் கரெக்டட்" என்று ஏழு கோப்புகள் வரும்போது, அவற்றில் எது தாக்கல் செய்தது என்று சர்ச் சொல்லுமா? பெயர், தேதி, இடம் என்ற ஒழுங்கு இல்லாத கோப்புகள் வவுச்சர் எண் போடாத பில் கட்டு மாதிரி. எல்லாம் இருக்கும், எதையும் நிரூபிக்க முடியாது.

பெயர் விஷயத்தில் இன்னொரு ஆபத்தும் உண்டு. தெரிந்த வகைக் கோப்புகளின் பின்னொட்டை விண்டோஸ் வழக்கமாக மறைத்தே காட்டும். 2000 மே மாதம் உலகத்தையே ஆட்டிய "ஐ லவ் யூ" வைரஸ் இதை வைத்துத்தான் பிழைத்தது. வந்த கோப்பின் பெயர் "லவ்-லெட்டர்-ஃபார்-யூ.டிஎக்ஸ்டி.விபிஎஸ்". கடைசித் துண்டு மறைந்துபோக, பார்ப்பவர் கண்ணுக்கு அது அப்பாவி எழுத்துக் கோப்பு. திறந்தால் நிரல் ஓடும், படக் கோப்புகளையெல்லாம் அழித்து எழுதும். அதே பாணியில் இன்று "இன்வாய்ஸ்.பிடிஎஃப்" என்ற முகமூடியோடு எதுவும் வரலாம். இன்வாய்ஸ் என்று பெயர் பார்த்ததும் திறக்கிற முதல் ஆள் யார்? கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருப்பவர்தான்.

மூன்றாவது வாதம்: "எல்லாம் கிளவுடில் இருக்கு." கிளவுட் என்றால் வானத்தில் இல்லை, வேறு ஒருவர் கட்டடத்தில் இருக்கும் வேறு ஒருவர் வட்டு. வாடகை இடம். வாடகை ஒப்பந்தத்தைப் படிக்காமல் குடி போகலாமா? கூகுள் ஃபோட்டோஸ் 2015-ல் வரம்பில்லாத இலவச இடம் என்று கூப்பிட்டது. 2021 ஜூன் 1 முதல் புதிதாக ஏற்றும் படங்களை 15 ஜிபி கணக்கில் சேர்க்க ஆரம்பித்தது. சட்டப்படி அதில் ஒரு தப்பும் இல்லை, வியாபாரம். ஆனால் தன் படங்கள் எங்கே இருக்கின்றன, அவற்றை எப்படி மொத்தமாக இறக்கி வேறு இடம் கொண்டுபோவது என்று தெரிந்தவருக்குப் பேரம் பேசும் சக்தி இருந்தது. தெரியாதவர் மாதா மாதம் கட்டுகிறார். 2007-ல் வந்த ஐஃபோனில் பயனருக்கென்று கோப்புகளைப் பார்க்கும் செயலியே இல்லை. அது 2017-ல்தான் வந்தது. பத்து வருடம் ஒரு தலைமுறைக்குக் கோப்பு என்ற ஒன்றே கண்ணில் படவில்லை. எளிமைக்காகச் செய்ததுதான், ஆனால் விளைவு? தன் சாமான் எந்த அறையில் இருக்கிறது என்று தெரியாத குடித்தனக்காரர் வீடு காலி செய்யவே மாட்டார். வீட்டுக்காரருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

அது போக, கிளவுடும் தொலைக்கும். மைஸ்பேஸ் தளம் ஒரு சர்வர் மாற்றத்தின்போது பழைய பாடல்களும் படங்களும் வீடியோக்களும் போய்விட்டன என்று 2019-ல் ஒப்புக்கொண்டது. இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை: ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு. சிங்க் ஆகும் ஃபோல்டரில் இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியும் 30 நாளில் தானாகக் காலியாகிவிடும். கண்ணாடியில் தெரியும் பிம்பத்தை நகல் என்று நம்பக் கூடாது.

நான்காவது வாதம்தான் எல்லாவற்றிலும் வலுவானது: "அதற்கென்று நிபுணர்கள் இருக்கிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்." பார்த்துக்கொண்டார்களா? 1998-ல் பிக்ஸார் நிறுவனம் டாய் ஸ்டோரி 2 படத்தைத் தயாரித்துக்கொண்டிருந்தபோது யாரோ கொடுத்த ஒரு அழிப்புக் கட்டளையில் படத்தின் பெரும்பகுதி காணாமல் போனது. பேக்கப்பை எடுத்துப் பார்த்தால் அது சரியாக வேலை செய்யவில்லை. கைக்குழந்தையோடு வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மனின் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு நகல் இருந்ததால் பிழைத்தார்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர், இது மாற்று சர்வர் என்று நினைத்து முக்கிய சர்வரின் தரவை அழித்துவிட்டார். சுமார் 300 ஜிபி. ஐந்து விதமான பேக்கப் ஏற்பாடுகள் இருந்தும் ஒன்றுகூட நம்பும்படி இல்லை. ஆறு மணி நேரத்துக்கு முன் தற்செயலாக எடுத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. உலகத்தின் தேர்ந்த நிபுணர்கள் கதையே இது.

அங்கே குறைந்தது அறிவு அல்ல. "பேக்கப் எடுக்கிறோம்" என்று சொன்னவரிடம் "திருப்பிப் போட்டுப் பார்த்தீர்களா?" என்று கேட்க ஆள் இல்லை. அந்தக் கேள்வியைக் கேட்பது யார் வேலை? சரிபார்ப்பது, ஒப்பிடுவது, சந்தேகப்படுவது எல்லாம் தணிக்கையின் வேலை, வணிகவியலின் வேலை. நிபுணர் இருக்கிறார் என்பது வணிகவியல்காரர் விலகிப் போகக் காரணம் இல்லை. நிபுணரை நான்கு சரியான கேள்வி கேட்கும் அளவுக்காவது படிக்க வேண்டும் என்பதற்குத்தான் அது காரணம்.

இன்னும் சிலர் "இதெல்லாம் இங்கிலீஷ் சமாச்சாரம், தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு ஏறாது" என்பார்கள். மேலே சொன்ன தட்டு, ஏடு, குறிப்பேடு, காசோலை இவற்றில் எது ஏறவில்லையாம்? கொசுறாக ஒன்று: லினக்ஸின் எக்ஸ்ட் 4 முறையில் ஒரு கோப்பின் பெயர் அதிகபட்சம் 255 பைட். யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு 1 பைட், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட். "தமிழ்நாடு" என்ற சொல்லில் உயிர்மெய்க் குறி, புள்ளி எல்லாம் சேர்த்து 9 குறிகள், 27 பைட். ஆக, தமிழில் பெயர் வைத்தால் 85 குறிக்கு மேல் போகாது. இந்தத் தகவல் ஆங்கிலத்தில் மட்டும் படித்தவருக்குத் தேவையே படாது. தமிழில் கோப்புக்குப் பெயர் வைப்பவருக்குத்தான் தேவை.

என்னதான் செய்ய வேண்டும்?

2011 முதல் தமிழ்நாட்டு அரசு லட்சக்கணக்கான மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுத்தது. இயந்திரம் வீடு வரை வந்துவிட்டது. அதற்குள் எழுதுவது எங்கே போகிறது என்ற பாடம் மட்டும் இன்னும் வகுப்புக்கு வரவில்லை. கேட்பது புதுப் பட்டப்படிப்பு அல்ல, ஒரு பருவத்தில் ஆறு மணி நேரம். லேபில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பழைய பென்டிரைவ், கெட்டாலும் கவலையில்லாதது.

முதல் மணி நேரம்: டேலியில் ஒரு நிறுவனத்தை உருவாக்கி, அது எந்த ஃபோல்டரில் உட்கார்ந்தது என்று கண்டுபிடிப்பது. இரண்டாவது: பென்டிரைவை ஃபேட் 32-ல் ஃபார்மட் செய்து 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்றிப் பார்த்துத் தோற்பது, எக்ஸ்ஃபேட்டில் ஜெயிப்பது. மூன்றாவது: ஒரு கோப்பை அழித்து, மீட்கும் மென்பொருளால் திரும்ப எடுப்பது. நான்காவது: ஒரே டிரைவுக்குள் 2 ஜிபி கோப்பை நகர்த்தினால் கண்ணிமைக்கும் நேரம், வேறு டிரைவுக்கு நகர்த்தினால் நிமிடக் கணக்கு ஏன் என்று விளக்குவது. (முதலாவதில் ஏட்டில் ஒரு வரி மாறுகிறது, இரண்டாவதில் சரக்கே கிடங்கு மாறுகிறது.) ஐந்தாவது: 3-2-1 முறையில் பேக்கப், அதாவது மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ. ஆறாவது: அந்தப் பேக்கப்பை வேறு கம்ப்யூட்டரில் போட்டு, இருப்பாய்வு ஒட்டுகிறதா என்று பார்ப்பது. ஆறாவது மணி நேரம் இல்லாவிட்டால் ஐந்தாவதும் வீண்.

தேர்வும் மாற வேண்டும். "ஃபேட் - விரிவாக்கம் தருக" என்ற ஒரு மதிப்பெண் கேள்வியால் யாருக்கும் சல்லிக்காசு பிரயோஜனம் இல்லை. "உன் நிறுவனத்தின் கணக்கு இருந்த கம்ப்யூட்டர் நேற்றிரவு எரிந்துவிட்டது. இன்று காலை பத்து மணிக்கு என்ன செய்வாய்?" என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்கட்டும். அந்த விடைத்தாளைப் பார்த்தால் தெரியும், பாடத்திட்டம் இத்தனை வருடம் என்ன சொல்லிக்கொடுத்தது என்று.

கல்லூரி மாறும் வரை காத்திருக்கவும் தேவையில்லை. மேலே சொன்ன ஆறில் ஐந்தை வீட்டில் இருக்கும் எந்தக் கம்ப்யூட்டரிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் செய்து பார்க்கலாம். தேவை ஒரு பென்டிரைவும், கெட்டுவிடுமோ என்ற பயத்தைக் கழற்றி வைக்கும் மனமும்தான்.

பற்று வரவு ஒட்டாவிட்டால் ராத்தூக்கம் கெட்டவர்கள் வணிகவியல்காரர்கள். ஒரு ரூபாய் வித்தியாசத்துக்கு மூன்று நாள் தேடுவார்கள். அந்த ஒரு ரூபாய் எழுதப்பட்டிருக்கும் புத்தகம் எங்கே இருக்கிறது என்று தேட மட்டும் அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கணக்கு எழுதத் தெரிந்தவர் பாதிக் கணக்காளர்தான். எழுதிய கணக்கை எட்டாவது வருடமும் எடுத்துக் காட்டத் தெரிந்தவரே முழுக் கணக்காளர்.